மொய் நோட்டு யார் கையில்?

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் ஓய்வில்லாத மாதம் அதுதான். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், அணவயல், நெடுவாசல் என்று வரிசையாக ஊர்கள்; மாவட்ட எல்லையைத் தாண்டினால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேராவூரணி. சாலையோரம் முழுக்க மொய் விருந்துப் பதாகைகள். ஒரே பந்தலில் பத்து, இருபது, சில நாள்களில் முப்பது பேர்கூடச் சேர்ந்து விருந்து வைக்கிறார்கள். சமையல் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு ஒன்று, பந்தி ஒன்று. மொய் எழுதும் மேசை மட்டும் ஆளுக்கொன்று. வருபவர் யார் யாருக்குச் செய்ய வேண்டுமோ அந்தந்த மேசையில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்.

இதைக் கேலியாக எழுதுவது சுலபம். சென்னையிலிருந்து வரும் செய்தியாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்: பணம் எண்ணும் இயந்திரம், கணினியில் அச்சாகும் ரசீது, துப்பாக்கி ஏந்திய காவலாளி, டன் கணக்கில் இறைச்சி. 2019இல் வடகாட்டில் விவசாயி ஒருவர் தனியாக வைத்த விருந்தில் 4 கோடி ரூபாய் வந்ததாகச் செய்தி வந்தது. 2022இல் பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் நடத்திய விருந்தில் 10 கோடி என்றார்கள். தொகை பெரிதானதும் கேள்வி காணாமல் போய்விடுகிறது. வங்கி இல்லாமல், வட்டி இல்லாமல், பத்திரம் இல்லாமல் ஒரு வட்டாரம் தன் பணத்தைத் தானே திரட்டிக்கொள்ளும் ஏற்பாடு எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கலாம். இதே மாவட்டத்தில் ரோட்டரியும் லயன்ஸும் நன்கொடை திரட்டுகின்றன. புயலுக்கும் பள்ளிக்கும் ஊர் இளைஞர்கள் வசூலிக்கிறார்கள். பிறருக்காகப் பணம் திரட்டும் இந்த வழிகளுக்கும் மொய்க்கும் என்ன உறவு?

முதலில் மொய்யின் உள்கணக்கு. ஐந்து ஆண்டுக்கு முன் நீங்கள் எனக்கு 2,000 ரூபாய் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு உங்கள் முறை. நான் 4,000 எழுதுவேன். அதில் முதல் 2,000 பழைய கணக்கை அடைக்கிறது. மீதி 2,000 ‘புது நடை’. அதற்கு இனி நீங்கள் எனக்குக் கடன்பட்டவர். வாங்கியதை மட்டும் அப்படியே திருப்பி எழுதினால் மொய்யை முடித்துக்கொள்கிறேன் என்று பொருள். கணக்கு தீர்ந்தது, நல்ல விஷயம்தானே என்று வெளியூர்க்காரர் நினைப்பார். உள்ளூரில் அது உறவை அறுத்துக்கொள்வதற்குப் பக்கத்தில் நிற்கும் செயல். பாக்கி இருக்கும்வரைதான் போக்குவரத்து இருக்கும்.

மொய்யை ஒரு குடும்பம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரட்டுகிறது. வருகிற பணம் ஆழ்துளைக் கிணறாகிறது, வீடாகிறது, மகள் திருமணமாகிறது, வெளிநாடு போகும் மகனுக்கு முகவர் கட்டணமாகிறது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் ஆடி வந்தால் எடுத்து வைக்க வேண்டும். ஒரே நாளில் ஐந்தாறு விருந்து வரும் வாரங்களில் நகை அடகுக் கடைக்குப் போகிறது. மொய்க்கு வட்டி இல்லை. மொய் செய்வதற்கு வாங்கும் கடனுக்கு வட்டி உண்டு. இந்த இரண்டாவது வரியை மொய்யைப் புகழ்பவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

மானிடவியலாளர்களுக்கு இது புதிதல்ல. கொடுத்தல், வாங்குதல், திருப்பிக் கொடுத்தல் மூன்றும் கடமை என்று மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962இலும் ஷர்லி ஆர்டனர் 1964இலும் சுழற்சிக் கடன் சங்கங்களைப் பல நாடுகளிலிருந்து எடுத்து ஆராய்ந்தார்கள். நம்முடைய சீட்டு அந்த வகையில் கச்சிதமாக அடங்கும். மொய் அடங்காது. சீட்டில் இருபது பேர் என்றால் இருபது பேர். சுற்று முடிந்தால் கதை முடிந்தது. மொய்யில் உறுப்பினர் பட்டியலும் கிடையாது, கடைசி மாதமும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி வட்டம். அந்த வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகின்றன. தகப்பன் இறந்தால் மகன் மொய் நோட்டைக் கையில் எடுக்கிறான். நிலத்துக்குப் பட்டா மாற்றுவதைவிட இது சீக்கிரம் நடக்கும்.

இந்த நோட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று, அதை வைத்திருப்பவர் யார் என்பது. கொடுத்தவரும் வீட்டில் குறித்து வைத்திருக்கலாம். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் கணக்கு, வாங்கியவர் வீட்டு நோட்டு. வாங்கியவரே எழுதி வைத்து, வாங்கியவரே புரட்டிப் பார்த்து, அவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்று தேடிக்கொண்டு போகிறார். கடன் கொடுத்தவரிடம் பத்திரம் இருப்பது உலக வழக்கம். இங்கே கடன்பட்டவர் தன் கடனைத் தானே பாதுகாக்கிறார். கோடிக்கணக்கில் புழங்கும் ஏற்பாட்டில் வழக்கு வம்பு குறைவாக இருப்பதற்குக் கௌரவம், பயம், உறவு என்று பல காரணம் சொல்லலாம். எனக்கு இந்த நோட்டு இருக்கும் இடமே முதல் காரணமாகப் படுகிறது.

சட்டத்துக்கு மட்டும் இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. வருமான வரி விதிப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் வரும் அன்பளிப்பு மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அது வருமானம். ஒருவரின் சொந்தத் திருமணத்தில் வருவதற்கு விலக்கு உண்டு. மொய் விருந்தில் திருமணம் இல்லை. அன்பளிப்பு இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன் என்று வாதாடினால், 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற இன்னொரு விதி எதிரே நிற்கிறது. அன்பளிப்பும் கடனும் ஒரே ரூபாய் நோட்டில் இருப்பதை நிதிச் சட்டம் எதிர்பார்க்கவே இல்லை.

கொடையைப் பற்றிப் பேசும்போது புதுக்கோட்டையை ஏதோ ஒரு மாவட்டமாகக் கடந்துபோக முடியாது. 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணையும்வரை இது தொண்டைமான்களின் சமஸ்தானம். இந்தச் சமஸ்தானத்தைப் பற்றி நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரௌன்’ நூலின் மைய வாதமே கொடைதான். மன்னர் இனாம் நிலங்களைக் கோயிலுக்கும் பிராமணருக்கும் படைவீரருக்கும் ஊர் ஊழியருக்கும் கொடுத்தார். வாங்கியவர்கள் ஊழியத்தாலும் விசுவாசத்தாலும் அவரோடு பிணைக்கப்பட்டார்கள். அந்தப் பிணைப்பின் பெயர்தான் அரசு. வரி வராத நிலம் இவ்வளவா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் தலையில் கைவைத்துக்கொண்டதற்குக் காரணம், கணக்கில் அவர்கள் பார்த்தது வரவை மட்டும் என்பதே. 1878 முதல் 1894 வரை நிர்வாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரியார் காலத்தில் இனாம்கள் வரன்முறைக்கு வந்தன.

சாதாரண மக்கள் வரைக்கும் இறங்கிய கொடை ஒன்றும் இருந்தது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அம்மன் காசு கொடுப்பார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. ஓர் அணாவுக்கு இருபது காசு. சமஸ்தானம் தன் பெயரில் அச்சடித்த ஒரே நாணயம் தானத்தோடு பிணைந்திருந்தது. அரிசி தீர்ந்துபோகும், காசு கை மாறி மாறிச் சந்தைக்குப் போகும், கொடுத்தவரின் அம்மன் அதில் இருப்பாள். விளம்பரத்தோடு கூடிய தானம் என்பது நலத்திட்ட உதவி மேடைகளில் பிறந்ததல்ல.

இனி சங்கங்களின் கொடை. ரோட்டரி 1905இல் சிகாகோவில் தொடங்கியது, லயன்ஸ் 1917இல். இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1919இல் கல்கத்தாவில் வந்தது, சென்னைக்கு 1929இல். பிறகு மாவட்டத் தலைநகரங்களுக்கும் தாலுகா ஊர்களுக்கும் பரவின. புதுக்கோட்டை, அறந்தாங்கி போன்ற ஊர்களில் மருத்துவர், வழக்கறிஞர், ஜவுளிக்கடை முதலாளி, தனியார் பள்ளித் தாளாளர், அரிசி ஆலைக்காரர் கூடுமிடம் இந்தச் சங்கங்கள். ரோட்டரி ஆண்டு, லயன்ஸ் ஆண்டு இரண்டுமே ஜூலை 1 அன்று பிறக்கின்றன. ஆகவே பணியேற்பு விழாக்களின் பருவமும் மொய் விருந்துகளின் பருவமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. ஒரு பக்கம் மண்டபத்தில் புதிய தலைவருக்குக் கழுத்துப் பட்டயம் அணிவித்துத் தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, நோட்டுப் புத்தகம் வழங்குகிறார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பந்தலில் கறிக்குழம்பு கொதிக்கிறது. இரண்டுக்கும் போய்வருபவர்கள் உண்டு.

இந்தச் சங்கங்களின் பண ஒழுங்கு வெளியே தெரிவதைவிடக் கறாரானது. லயன்ஸ் சங்கம் இரண்டு கணக்கு வைத்திருக்க வேண்டும். உறுப்பினர் சந்தா நிர்வாகக் கணக்கில். பொதுமக்களிடம் திரட்டியது சேவைக் கணக்கில். அதில் ஒரு ரூபாயைக்கூடச் சங்கத்தின் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. ரோட்டரியில் ஒரு சிற்றூர்ச் சங்கம் பெரிய வேலை செய்ய நினைத்தால் உலகளாவிய மானியம் என்ற வழி உண்டு. திட்டம் குறைந்தது 30,000 டாலராவது இருக்க வேண்டும்; வேறொரு நாட்டுச் சங்கம் கூட்டாளியாக வேண்டும்; ரோட்டரி மாவட்டம் ஒதுக்கும் நிதிக்கு அறக்கட்டளை தன் பங்கைச் சேர்க்கும். ஓர் அரசு மருத்துவமனைக்கு இயந்திரம் வந்து இறங்கும்போது பெயர்ப்பலகையில் இரண்டு ஊர்ப் பெயர் இருக்கும். ஒன்று நமக்குத் தெரிந்த ஊர். இன்னொன்றை வாசிக்கவே தடுமாறுவோம்.

சங்கங்கள் உண்மையிலேயே வெற்றி கண்ட இடம் என்று தென் தமிழகத்தில் கண் சிகிச்சை முகாமைச் சொல்வேன். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசிப் பார்வையற்றோருக்காக உழைக்கும்படி கேட்டுக்கொண்டது அந்த இயக்கத்தின் பெருமைக் கதை. நம் பக்கத்தில் அதற்கு உடல் கொடுத்தவர், 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி. வேலையை அவர்கள் பிரித்துக்கொண்ட விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பது, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றுவது, வந்தவர்களுக்குச் சாப்பாடு, போக்குவரத்துச் செலவு ஆகியவை உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. புரை முற்றிய பெரியவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினால் சில நாளில் பார்வையோடு திரும்புவார். சங்கம் தன்னால் முடிந்ததை மட்டும் செய்தது. ஒரு வருடப் பதவிக்குள் அடங்கும் வேலையைச் செய்தது. அதனால் அது நின்றது.

ஒரு வருடத்துக்குள் அடங்காத வேலைகளில்தான் இந்த அமைப்பின் பலவீனம் வெளிப்படுகிறது. ஜூன் 30 வந்தால் தலைவர் முன்னாள் தலைவர். புதியவருக்குப் புதிய திட்டம் வேண்டும், புதிய படம் வேண்டும். போன ஆண்டு கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, முந்தைய ஆண்டு வைத்த சுத்திகரிப்புக் கருவிக்கு வடிகட்டி மாற்றினார்களா என்று போய்ப் பார்ப்பது யாருடைய ஆண்டறிக்கையிலும் சாதனையாக வராது. அறிக்கையை எழுதுபவர் கொடுத்தவர். வாங்கியவரிடம் நோட்டு இல்லை. தையல் இயந்திரம் வாங்கிய பெண்மணி படத்தில் இருக்கிறார். அந்த இயந்திரத்தை வைத்து அவர் என்ன செய்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. மொய்யில் வாங்கியவர் மறக்க முடியாது. இங்கே கொடுத்தவர் மறந்துபோகலாம், வாங்கியவரின் நினைவை யாரும் கேட்பதில்லை.

அதற்காக மொய்யை உயர்த்திப் பிடிக்கவும் என்னால் ஆகாது. திருப்பிச் செய்ய முடியாதவருக்கு மொய்யில் இடமில்லை. நிலமும் கிணறும் உள்ள குடும்பங்கள், வெளிநாட்டு வருமானம் உள்ள குடும்பங்கள், சாதியாலும் மணவுறவாலும் பிணைந்த குடும்பங்கள்: வட்டம் இவர்களுக்குள்தான் பெரும்பாலும் சுற்றுகிறது. பந்தியில் இலை எடுக்கும் கூலித் தொழிலாளிக்கு நோட்டில் பக்கம் கிடையாது. ஊரில் மிகவும் பணம் தேவைப்படுபவர் யாரோ அவரால் விருந்து வைக்க முடியாது. அவரைச் சென்றடைவது லயன்ஸ்காரரின் மூன்று சக்கர வண்டிதான். சங்கங்களைக் குறைசொல்லும்போது இதை மறைப்பது நேர்மையில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை சாய்ந்தது. வடகாடு, கீரமங்கலம் பக்கத்தில் பலாவும் போயிற்று. தென்னை மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும். பலாவுக்கு இன்னும் கூடுதல். மொய் விருந்து வட்டாரமும் புயல் வட்டாரமும் ஒன்றே. எல்லோரும் ஒரே நாளில் விழுந்தால் யார் யாருக்குச் செய்வது? ஒருவர் விழும்போது மற்றவர்கள் தூக்குவதற்கென்று அமைந்த ஏற்பாடு அது. அடுத்தடுத்த ஆடிகளில் வசூல் குறைந்தது; 2020இல் கொரோனா பந்தலையே பிரித்துப் போட்டது. முறை வந்தும் விருந்து வைக்க முடியாதவர்களின் பாக்கி அடுத்தவர் தலையில் ஏறியது.

வெளியிலிருந்து நிவாரணம் வந்தது. ரோட்டரியும் லயன்ஸும் தார்ப்பாய், அரிசி, மரம் அறுக்கும் இயந்திரம் என்று கொண்டுவந்தன. அதற்கு அடுத்த கோடையில் நடந்ததுதான் என்னை இந்த விஷயத்தின் பக்கம் இழுத்தது. கொத்தமங்கலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இளைஞர்கள் குளம் தூர்வார இறங்கினார்கள். பேராவூரணிப் பக்கம் கைஃபா என்ற விவசாயிகள் அமைப்பு பெரியகுளத்தில் இறங்கியது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் அனுப்பினார், கூலிக்குப் போகிறவர் ஒருநாள் கூலி கொடுத்தார், குழந்தைகள் உண்டியலை உடைத்தார்கள். யார் எவ்வளவு கொடுத்தார், பொக்லைன் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு என்பது அன்றன்றைக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மொய் எழுதிப் பழகிய கைகள் எழுதிய கணக்கு அது. திருப்பித் தர வேண்டியவர் என்று ஒருவர் இல்லாததால் குளத்தின் பெயரில் நோட்டுப் போட்டார்கள்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவில் மண்ணுக்குள் போனபோது மொய் விருந்து என்ற பெயரே வெளியூர்த் துயரத்துக்குப் பயன்பட்டது. வம்பன் அருகே ஒரு டீக்கடைக்காரர் ஒருநாள் டீயை மொய் விருந்தாக்கினார். குடித்தவர் முடிந்ததைப் போட்டார், வந்தது நிவாரணத்துக்குப் போனது. திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இரவு விருந்தாக அதையே செய்தது. சாப்பிட்டவர்கள் இலைக்கடியில் பணம் வைத்துவிட்டுப் போனார்கள். இலைக்கடியில் பணம் என்பது ‘சின்ன கவுண்டர்’ (1992) படத்தால் தமிழ்நாடு முழுக்கப் பரவிய காட்சி. கீரமங்கலத்து மொய்க்கு அது நேர்மாறு. அங்கே ரகசியம் என்பதற்கே இடமில்லை, பெயர் தெரியாத பணம் மொய் ஆகாது. ஆனாலும் அந்தப் பெயர் வேலை செய்தது. நன்கொடை கொடுங்கள் என்றால் யோசிப்பவர் மொய் வைக்க வாருங்கள் என்றால் வருகிறார். கையேந்தும் இடமும் இல்லை, வாரி வழங்கும் மேடையும் இல்லை. சாப்பிட்டோம், செய்தோம், அவ்வளவுதான்.

கல்விச் சீர் இதைவிடச் சுவாரஸ்யமானது. புதுக்கோட்டை மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளாக இது பரவிவருகிறது. ஊர்மக்கள் ஒருநாள் தாம்பாளத் தட்டோடு கோயிலிலிருந்து மேளதாளத்தோடு புறப்படுகிறார்கள். பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, கணினி, ஒலிபெருக்கி, குடம், சாக்பீஸ் பெட்டிவரை வண்டியில் வருகின்றன. பள்ளி வாசலில் தலைமை ஆசிரியரும் ஆசிரியர்களும் நின்று, சம்பந்தி வீட்டாரை வரவேற்பதுபோல் சந்தனம் குங்குமம் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். 2022 டிசம்பரில் மாநில அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற பெயரில் நிறுவனங்களையும் முன்னாள் மாணவர்களையும் இணையதளம் வழியாக அழைப்பதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் அது தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

தாய்மாமன் கொண்டுபோகும் சீரைத் திருப்பித் தருவதில்லை. ஆனால் அது உரிமையைக் கொண்டுவருகிறது. சீர் கொடுத்தவன் அந்த வீட்டில் கேள்வி கேட்கலாம். பள்ளிக்குச் சீர் கொண்டுபோன ஊர் அதே உரிமையோடு, ஆங்கில ஆசிரியர் இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது. அரசு செய்ய வேண்டிய மின்விசிறியை ஊர் வாங்கித் தந்தால் அரசு கையைக் கழுவிக்கொள்ளும். சீர் கொண்டுவர முடியாத குடியிருப்பின் பள்ளி அதே ஓட்டை நாற்காலியோடு இருக்கும். மேளத்தோடு வந்தவர்களின் குரல் பள்ளியில் ஓங்கவும் செய்யும்.

இருந்தாலும் தையல் இயந்திரக் கொடைக்கும் இதற்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இங்கே குறித்தாக வேண்டும். மேளம் அடங்கியதும் ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து வந்த பொருள்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றுகிறார்: மின்விசிறி, எண்ணிக்கை, நாள், நன்கொடையாளர். அரசுப் பள்ளியில் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிக்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு நடைமுறை உண்டு. தலைமை ஆசிரியர் மாறினால் பதிவேடு கைமாறும், கையெழுத்தோடு. இருக்கிறதா, ஓடுகிறதா என்று தணிக்கைக்கு வருபவர் கேட்பார். சங்கங்கள் பள்ளிக்குக் கொடுக்கும் பொருளும் இதே பதிவேட்டில்தான் ஏறுகிறது. அந்தப் பக்கத்தை மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் புரட்டிப் பார்க்க எந்தச் சங்கத்துக்கும் தடையில்லை; ஒரு கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி போதும்.